ரிமோட் இல்லாமல் ஓடிய லொறி

அத்தியாயம் 6

மூன்று மணிக்குப் பொலிஸ் வான் வெளிக்கிடும். ஆனந்தராசாவை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகும். அப்படிப் போனவர்களின் மனைவிமார் திருகோணமலையில் எத்தனை அலுவலக வாசல்களில் நிற்கிறார்கள் என்பது சரீபுக்குத் தெரியும். பாதிப்பேரைத் தன் ஓட்டோவில் அவனே ஏற்றி இறக்கியிருக்கிறான். இப்போது மணி ஒன்பதரை.

லிங்கநகரில் ஆனந்தராசாவின் ரேடியோ திருத்தும் கடையைப் பொலிஸ் ஒரு தரம், ஆமி ஒரு தரம், பிறகு சீருடை இல்லாத யாரோ ஒரு தரம் கிண்டி முடித்திருந்தார்கள். நிலத்தில் திருகாணிகள் சிந்திக் கிடந்தன. அவற்றை மிதிக்காமல் நடந்துபோய்க் கதிரையில் உட்கார்ந்தார் கமலேஸ்வரி. இருபத்தெட்டு வருடம் கோட்டில் தமிழையும் சிங்களத்தையும் மாற்றி மாற்றிச் சொன்ன மொழிபெயர்ப்பாளர் அவர். ஊரார் சொன்ன பொய்யையெல்லாம் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் நீதவானிடம் ஒப்படைத்தவர். ஓய்வுபெற்ற பிறகு, கைவிட்ட வழக்குகளைச் சட்டத்தரணிகள் அவரிடம் அனுப்பினார்கள். அவர் துப்பறிந்தார். சரீப் ஓட்டோ ஓட்டினான், வாயும் ஓட்டினான்.

வழக்கு இதுதான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, ஒரு முழ நீளமான ரிமோட் விளையாட்டு லொறி ஒன்று ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் தன்னந்தனியாக ஓடிவந்து நேவியின் காவல் சென்றியை நோக்கிப் பாய்ந்தது. நேவிக்காரர்கள் அதைச் சுட்டுச் சல்லடையாக்கினார்கள். உள்ளே குண்டு இருக்கவில்லை. குண்டு இல்லாதது அவர்களுக்கு இன்னும் பெரிய சந்தேகமாகப் போய்விட்டது. இது ஒத்திகை என்றார்கள். லொறியின் ரிமோட் ஆனந்தராசாவின் அலுமாரியில் அகப்பட்டது. அவ்வளவும் போதுமாக இருந்தது.

"அவர் ஞாயிறு முழுக்க இங்கதான் இருந்தவர் அக்கா," என்றாள் ஆனந்தராசாவின் மனைவி இராசமலர். இரண்டு நாளாக அழுது குரல் கம்மியிருந்தது. "லொறி சோமசேகரம் ஐயாவின்ர. திருத்தத் தந்தவர். இப்ப தெரியாது எண்டு சொல்லிட்டாராம்."

"லொறியைத் திருத்திக் குடுத்தனுப்பினவர், ரிமோட்டை ஏன் வைச்சிருந்தவர்?"

"ரெண்டையும் ஒண்டா அனுப்ப ஏலாதே அக்கா. சென்றியில ரெண்டையும் சேர்த்துக் கண்டா விடுவாங்களோ? லொறி ஒரு நாள், ரிமோட் அடுத்த நாள். எப்பவும் அப்பிடித்தான்."

கமலேஸ்வரி தலையாட்டினார். இந்த ஊரில் ரோர்ச் லைற் ஒரு பையிலும் அதன் பற்றரி இன்னொரு பையிலும்தான் பயணம் செய்யும். யாரும் சொல்லித் தரவில்லை, அடிபட்டுப் படித்தது.

"திருத்துறது எண்டா என்ன செய்வார்?"

"அந்த ஐயா டச்சு பே கடற்கரையில ஓட்டிப்போட்டு, மண்ணோடயே கொண்டுவந்து தருவார். இவர் சில்லுச் சில்லாக் கழட்டி, தூரிகையால தட்டி, சைக்கிள் பம்பால ஊதி எடுப்பார். வெளியில நிக்கிற பல்லுச்சில்லுக்கு எண்ணெயே போடமாட்டார். எண்ணெயில மண் ஒட்டி அரைச்சுப்போடுமாம். ரெண்டு பல்லுச்சில்லுக்கும் நடுவில பஸ் டிக்கட் ஒண்டை வைச்சு இறுக்கி, பிறகு டிக்கட்டை உருவி எடுப்பார். அந்த இடைவெளிதான் கணக்காம்."

"டிக்கட் இல்லாமல் ஓடின லொறி எண்டா பிடிக்கத்தானே செய்வாங்க," என்றான் சரீப்.

இராசமலர் சிரிக்கவில்லை. கமலேஸ்வரி அவனைப் பார்த்த பார்வையில் சரீப் வாயைத் துடைத்துக்கொண்டான். பயம் வந்தால் அவனுக்கு வாயில் பகிடிதான் வரும். ஆனந்தராசா அவனுடைய ஓட்டோ ரேடியோவை நாலு தரம் திருத்தித் தந்தவன், நாலு தரமும் தேத்தண்ணியும் தந்தவன்.

"ஓட்டுறதுக்கு ஏதும் ஒழுங்கு இருக்கோ, பிள்ளை?"

"ஓம் அக்கா. முதல்ல ரிமோட்டைப் போடோணும், பிறகுதான் லொறி. நிப்பாட்டேக்க முதல்ல லொறி, பிறகு ரிமோட். மாறிச் செய்தா லொறி தன்ர பாட்டில ஓடும் எண்டு சொல்லுவார். தன்ர ரிமோட்டின்ர சத்தம் இல்லாட்டி, காத்தில வாற வேற ஆரின்ர ரேடியோவையும் கேட்டு ஓடுமாம்."

கமலேஸ்வரியின் விரல் கதிரைக் கையில் ஒரு தட்டுத் தட்டி நின்றது. "ஓர்ஸ் ஹில்லில ரேடியோவுக்குப் பஞ்சமில்லை," என்றார். பிறகு சரீப் பக்கம் திரும்பினார். "நீர்தானே லொறிப் பெட்டியைச் சோமசேகரம் வீட்டுக்குக் கொண்டு போனது. இன்னொருக்காச் சொல்லும்."

சரீப் சொன்னான். பால்மாப் பெட்டிக்குள் லொறி. மேலே சணல் கயிறு. ஓர்ஸ் ஹில் ஏற்றத்துச் சென்றியில் ஆமிக்காரன் கயிற்றை அறுத்தான், பெட்டியைக் கவிழ்த்தான், லொறியின் வயிற்றுக்குள் கையை விட்டுக் கிண்டினான், சிரித்தான், போகச் சொன்னான். "மறுகா, அங்கால வந்து, நான் எல்லாத்தையும் இருந்த மாதிரியே பொருத்திப் பூட்டி, பெட்டியில போட்டு, ஐயாவின்ர வாசல் படியில வைச்சிட்டு வந்தனான். மணி மூண்டே முக்கால். அந்த நேரம் லொறி குழந்தை மாதிரிப் படுத்திருந்தது."

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. சென்றியைத் தாண்டியதும் ஓரமாக நின்று, பிரித்ததைக் கட்டி, அவிழ்த்ததை முடிந்து, கொட்டியதை அள்ளிப்போடுவது அந்த ஊரில் எல்லோருக்கும் ஒரு வேலை. கலியாணச் சீலையாக இருந்தாலும் சோற்றுப் பார்சலாக இருந்தாலும் அதே கதைதான். எது அவிழ்ந்து கிடந்தாலும் ஆமிக்காரன்தான் அவிழ்த்தான் என்று எடுத்துக்கொண்டு கை தானாகச் சரிசெய்யும்.

"எழும்பும்," என்றார் கமலேஸ்வரி. "சோமசேகரத்துக்கு ஞாபகம் வரவைப்பம்."

ஓர்ஸ் ஹில் வீட்டின் விறாந்தையில் இருந்து பார்த்தால் உள்துறைமுகம் முழுக்கத் தெரியும். வாசல் படியில் இருந்து தார் ரோட்டு நேரே இறங்கி, சரியாக அந்த நேவி சென்றியில் போய் முட்டும். சோமசேகரம் ஒரு திணைக்களத்தில் பொறியியலாளர். இஸ்திரி போட்ட சேட்டு, தங்க விளிம்புக் கண்ணாடி. அரசாங்க வேலையில் இருக்கும் தமிழன் ஒருவன் எதைக் கண்டு பயப்பட வேண்டுமோ அதையெல்லாம் ஒழுங்காகக் கண்டு பயந்தவர்.

"நான் பொலிசுக்குச் சொல்லிட்டன் மிஸ். அந்த லொறிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனந்தராசா ஆரெண்டும் எனக்குச் சரியாத் தெரியாது."

"ரேடியோ திருத்துறவர்."

"இருக்கலாம்."

கமலேஸ்வரி மேற்கொண்டு கேட்கவில்லை. சோமசேகரத்தின் மனைவி கமலாதேவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். கேத்திலை மேசையில் வைக்கும்போது அதற்குக் கீழே கறுப்பு ரப்பர் வளையம் ஒன்றையும் வைத்தார். சுற்றிவர முள்ளு முள்ளாக இருந்தது. கமலேஸ்வரி ஒரு மிடறு குடித்துவிட்டு, வீட்டுக்காரியிடம் மெல்லக் கேட்டார்.

"நல்ல சாமான். மேசை சுடாது. எங்க வாங்கினீங்கள்?"

"வாங்கேல்ல மிஸ். இவற்ற லொறியின்ர பழைய டயர். ஆனந்தராசா புதுசு ஒட்டிப்போட்டுப் பழசைத் திருப்பி அனுப்பினவர். எறிய மனம் வரேல்ல." சொல்லி முடித்த பிறகுதான் கமலாதேவி கணவரின் முகத்தைப் பார்த்தார். தட்டம் கையில் ஆடியது.

"ஐயாவுக்கும் லொறிக்கும் சம்பந்தமில்லை," என்றான் சரீப். "டயருக்கும் கேத்திலுக்கும்தான் சம்பந்தம்."

சோமசேகரம் கண்ணாடியைக் கழற்றினார். அது இல்லாமல் அவருடைய முகம் திடீரென்று சிறுத்துப் போயிற்று.

"கனடாவில இருந்து தம்பி அனுப்பினது," என்றார். "ஞாயிற்றுக்கிழமை நான் இந்த விறாந்தையிலதான் பேப்பர் பாத்துக்கொண்டிருந்தனான். பெட்டி அந்தப் படியில சரிஞ்சு கிடந்தது. ரிமோட் வரட்டும் எண்டு நான் தொடவேயில்லை. கீழ சென்றியில வோக்கி டோக்கியில கதைக்கத் தொடங்கினாங்கள். பெட்டி துடிச்சுது. அவங்கள் கதைக்கக் கதைக்க லொறி பெட்டியை விட்டு உன்னி உன்னிப் பாஞ்சுது. படியால விழுந்து, இறக்கத்தில ஓடி... பிறகு வெடிச் சத்தம்தான் கேட்டுது. நான் உள்ள வந்து கதவைப் பூட்டிட்டன்."

"இதைப் பொலிசுக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அந்த இடத்தில நானெல்லோ இருந்திருப்பன்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் சரீபுக்கு அப்படிப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிசன் கதவைப் பூட்டிய சத்தத்தில்தான் லிங்கநகரில் ஒரு கடை மூடியது.

"பிழை ஆனந்தராசாவின்ரதான்," என்று சோமசேகரம் தொடர்ந்தார். "லொறி ஓஃப்பில இருந்திருந்தா என்ன ரேடியோ கேட்டாலும் அசையாது. அவன் ஒன்னில விட்டு அனுப்பிட்டான். வேணுமெண்டு விட்டானோ, மறந்து விட்டானோ, ஆர் கண்டது?"

"ஆனந்தராசா மறக்கிற ஆளில்லை," என்றான் சரீப். பகிடி இல்லாமல் வந்த குரலைக் கேட்டு அவனுக்கே புதுசாக இருந்தது. "ரேடியோவைத் திருத்தித் தந்தா, எந்தக் கட்டையை எப்ப திருகோணும் எண்டு கடதாசித் துண்டும் எழுதித் தாற ஆள்."

"ஓம், துண்டு எழுதுவான். கயிற்றில கட்டி விடுவான். இந்த முறை துண்டு வரேல்லையே."

சரீப் நிமிர்ந்தான். "இரிந்தது மிஸ். கயிற்றில ஒரு கடதாசி மடிச்சுக் கட்டியிரிந்தது. ஆமிக்காரன் அதை அறுத்து நெஞ்சுப் பொக்கெற்றில போட்டான். தமிழ்ல எழுதியிரிந்தா அவங்களுக்குக் காதல் கடிதமும் வரைபடம்தானே. நான் கேக்கப் போகல்ல."

கமலேஸ்வரி எழுந்தார். "அப்ப அந்தத் துண்டு இப்ப பொலிஸ் கோவையில இருக்கும். அதில ஆனந்தராசா ஓஃப் பண்ணி அனுப்பினதாக எழுதியிருந்தா, அவர் தப்பினார். சோமசேகரம், நீங்கள் வந்து லொறி உங்கட எண்டு ஒப்பம் வைக்கோணும்."

"எனக்கு ஏலாது மிஸ்."

கமலாதேவி ரப்பர் வளையத்தைக் கேத்திலுக்குக் கீழிருந்து உருவி, கணவரின் மடியில் வைத்தார். "இதையும் கொண்டு போங்கோ," என்றார். "எனக்கு ரெண்டு நாளாச் சோறு இறங்கேல்ல."

பொலிஸ் நிலையத்தில் மணி ஒன்றே முக்கால் ஆயிற்று. சோமசேகரம் தன் காரில் வந்தார். இன்ஸ்பெக்டர் அவருக்குக் கதிரை போட்டார், பேனை கொடுத்தார். கனடாவில் இருந்து வந்த விளையாட்டுச் சாமான், சுங்கப் பத்திரம் வீட்டில் இருக்கிறது, அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் ஒப்பம் வைத்துவிட்டு வெளியே போனார். போகும்போது சிறைக்கூடம் இருந்த பக்கம் அவர் பார்க்கவில்லை. ஒரு ஒப்பம், ஒரு சேட்டு மடிப்புக்கூடக் கலையவில்லை. சரீபுக்கு வாய் கசந்தது.

கமலேஸ்வரி சிங்களத்தில் பேசினார். வோக்கி டோக்கி பற்றியும், ரிமோட் போடாத லொறி கண்டவனுடைய சத்தத்துக்கும் ஆடும் என்பது பற்றியும் சொன்னார். சரீபுக்கு இரண்டு பாஷையும் தண்ணீர் பட்ட பாடு. வாசல் ஓர வாங்கில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. களைத்துப் போனவர். கேட்டு முடித்துவிட்டு முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"அம்மா சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் நேவியின் சொந்த ரேடியோதான் லொறியை நேவியின் மேல் ஓட்டியது என்று நான் எழுத முடியாது. அப்படி எழுதினால் அடுத்த வானில் போவது நான்."

"லொறி ஓஃப்பில் அனுப்பப்பட்டது என்று காட்டினால்?"

"அப்படியென்றால் அனுப்பியவனை விடலாம். இடையில் வேறு யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று எழுதலாம்."

"சென்றியில் எடுத்த தமிழ்க் கடதாசி ஒன்று உங்கள் கோவையில் இருக்க வேண்டும்."

இருந்தது. சந்தேகத்துக்குரிய ஆவணம் என்று எழுதி, ஊசி குத்தி வைத்திருந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் லீவு என்றபடியால் இரண்டு நாளாக யாரும் அதை வாசிக்கவில்லை. ஒரு மனிதனின் கழுத்து ஒரு ஆளின் லீவில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் அதைக் கழற்றி நீட்டினார்.

கமலேஸ்வரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வரிக்கு வரி சிங்களத்தில் வாசித்தார்.

"மண் முழுக்க எடுத்தாயிற்று. பல்லுச்சில்லு இடைவெளி சரி. எண்ணெய் போட வேண்டாம். முன் ஸ்பிரிங் இரண்டும் இளக்கியிருக்கிறேன், கல்லில் துள்ளாது. சுவிச்சுக்குள் மண் இறுகி ஒன்னிலேயே நின்றுவிட்டது. புதுச் சுவிச் கொழும்பில் சொல்லியிருக்கிறது..."

நின்றுவிட்டார்.

இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். கமலேஸ்வரியின் கண் கடதாசியில் ஒரே இடத்தில் நின்றது. கோட்டில் எத்தனையோ கொலைகாரர்கள் சொன்னதை நிற்காமல் சொன்னவர் அவர். சரீப் அதைப் பார்த்தான். ஏன் என்று யோசித்தான். யோசிக்கும்போதே வலதுகைப் பெருவிரலில் ஒரு சின்ன உணர்வு வந்தது. சென்றியைத் தாண்டி வேப்பமர நிழலில் ஓட்டோவை ஓரங்கட்டி, லொறியை அள்ளிப் பெட்டியில் போட்டபோது, அதன் வயிற்றில் இருந்து இரண்டு வயர்த் துண்டு தொங்கியது. சிவப்பும் கறுப்பும். நுனியில் வெள்ளைப் பிளக், இரண்டு பாதி. பாவி, இழுத்துக் கழட்டிட்டானே என்று ஆமிக்காரனைத் திட்டியபடி, இரண்டையும் சேர்த்துப் பெருவிரலால் அழுத்தியவன் அவன்தான். 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. ஆனந்தராசாவின் வேலைக்கு ஒரு கெட்ட பெயர் வரக்கூடாது என்றுதான் செய்தான்.

பெருவிரலை மற்றக் கைக்குள் மூடிக்கொண்டான்.

கமலேஸ்வரி கடதாசியில் இருந்து கண்ணை எடுக்காமல் தமிழில் சொன்னார். "சரீப், ஓட்டோவை வெயிலில விட்டிருக்கிறீர். போய் எடுத்துக்கொண்டு போம்."

மூடத்தெரியாத வாய் சரீபுக்கு. ஆனால் அவர் என்ன சொல்கிறார் என்று விளங்காத மூளை இல்லை. எழுந்து நடந்தால் வாசல். வாசலைத் தாண்டினால் ஓட்டோ. இருட்ட முன் துறைக்குப் போனால் கிண்ணியாவுக்குப் பாதைப் படகு. வீட்டில் மனைவி பரீனா சோறு வைத்திருப்பாள். மிச்ச வரியை வாசிக்காமல் மடித்துக் கொடுத்தால் யாருக்குத் தெரியும்? சுவிச் ஒன்னிலேயே நின்றது என்பதோடு கதை முடிந்துவிடும். அதோடு ஆனந்தராசாவும் முடிந்துவிடுவான்.

சிறைக்கூடத்துக் கம்பிக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். அது ஆனந்தராசாவின் இருமல். ரேடியோ திருத்தும்போது ஈயப் புகைக்கு இருமுகிற அதே இருமல்.

"ஓட்டோ நிழல்லதான் நிக்கிது மிஸ்," என்றான் சரீப். "வாசிங்க."

"சரீப்."

"ஒரு சொல் குறைக்காத ஆள் நீங்க. எனக்காகப் பழக்கத்தை மாத்தாதீங்க."

அவர் வாசித்தார். குரல் நடுங்கவில்லை. அதற்கு அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பது சரீபுக்குத்தான் தெரியும்.

"...அதுவரை பற்றரிப் பிளக்தான் சுவிச். பிளக்கைக் கழற்றி விட்டிருக்கிறேன். ரிமோட் வந்து, அதைப் போட்ட பிறகு மட்டும் பிளக்கைப் பூட்டவும். அதற்கு முன் தயவுசெய்து பூட்ட வேண்டாம். ஆனந்தராசா."

இன்ஸ்பெக்டர் பேனையை எடுத்தார். "அப்படியானால் அவன் ஓஃப்பில்தான் அனுப்பியிருக்கிறான். நல்லது. பிளக் தானாகப் பூட்டிக்கொள்ளாது. பூட்டியது யார்?"

கமலேஸ்வரி கடதாசியை மேசையில் வைத்தார். இது மொழிபெயர்க்க வேண்டிய கேள்வி இல்லை.

சரீப் வாங்கில் இருந்து எழுந்து சிங்களத்திலேயே சொன்னான். சென்றி, கயிறு, வேப்பமரம், பெருவிரல். சோதனைக்குப் பிறகு எல்லோரும் செய்கிறதைத்தான் செய்தேன், சேர் என்றான். நீங்கள் பிரிப்பதை நாங்கள் பூட்டுகிறோம். பதினைந்து வருடமாக அதுதான் நடக்கிறது என்றான். அதில் கொஞ்சம் பகிடி இருந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"பெயர்?"

"முஹம்மது சரீப்."

"ஊர்?"

"கிண்ணியா."

"ஒரு வாக்குமூலம் மட்டும்தான்," என்றார் இன்ஸ்பெக்டர். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். "கொழும்பில் கொடுத்துவிட்டு வரலாம். வானில் ஒரு ஆளுக்கு இடம் போட்டாயிற்று, ஆள் இல்லாமல் அனுப்பினால் எனக்குக் கேள்வி வரும்."

இரண்டே முக்காலுக்கு ஆனந்தராசா வெளியே வந்தான். ஒரு கண் வீங்கியிருந்தது. வாசலில் இராசமலர் அவனுடைய கையைப் பிடித்தாள், விடவில்லை. அவன் சரீபைத் தாண்டும்போது நின்றான்.

"துண்டு கட்டி விட்டனான், சரீப் நானா," என்றான். குரலில் கோபம் இருக்கவில்லை. நடந்தது என்னவென்று அவனுக்கு இன்னும் தெரியாது.

"கண்டனான் தம்பி," என்றான் சரீப். "வாசிக்கத்தான் கிடைக்கல்ல. வீட்ட போங்க."

பொலிஸ்காரன் ஒருவன் சரீபின் சேட்டுப் பொக்கெற்றையும் தோள்பையையும் வாங்கில் கொட்டினான். அடையாள அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொண்டு போகும்படி கமலேஸ்வரியிடம் கை காட்டினான். சீப்பு, ஓட்டோத் திறப்புச் சாவி, பரீனா கட்டித் தந்த சாப்பாட்டுப் பெட்டி, மூடி கழன்ற தைலப் போத்தல், பிரிந்து கிடந்த வெற்றிலைச் சுருள்.

"பரீனாட்ட பிந்தும் எண்டு மட்டும் சொல்லுங்க மிஸ்," என்றான் சரீப். "எவ்வளவு பிந்தும் எண்டு சொல்லாதீங்க."

வானுக்குள் ஏறி உட்கார்ந்த பிறகு கம்பி வலையால் பார்த்தான். கமலேஸ்வரி வாங்கில் குனிந்து நின்றார். தைலப் போத்தலை மூடி இறுக்கினார். வெற்றிலையைத் திரும்பச் சுருட்டினார். சீப்பைத் துடைத்தார். ஒவ்வொன்றாக, எது எங்கே இருந்ததோ அங்கே, இருந்த மாதிரியே பையில் வைத்துப் பூட்டினார். திறப்பு மட்டும் கையில் மிஞ்சியது. அவருக்கு ஓட்டோ ஓட்டத் தெரியாது.

சரியாக மூன்று மணிக்கு வான் வெளிக்கிட்டது.